தலைமைக் கச்சேரி யாருக்கு? – தீவகத் திருவிழாக்களை முன்வைத்து ஒரு சிந்தனை

ஒரு சமூகம் தன் கலைஞருள் எவரைத் தலையாயவராக மதிக்கின்றது என்பதை அறிய விழைவோர் அதன் விமர்சன நூல்களை முதலிற் புரட்ட வேண்டியதில்லை. அதன் திருவிழா விளம்பரங்களை நோக்கினாலே போதும். யாழ்ப்பாணத்துக் கோயில்களின் மகோற்சவ நோட்டீசுகளிலே, பூசை நேரங்களும் உபயகாரர் பெயர்களும் சிறிய எழுத்தில் அடங்கிவிட, அன்றிரவு வாசிக்கவரும் நாதஸ்வர, தவில் வித்துவான்களின் பெயர்கள் அவர்தம் பட்டங்கள் சகிதம் தடித்த எழுத்தில் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். மேல்நாட்டு இசைவிழாக்களின் சுவரொட்டிகளிலும் இம்முறையே நிலவுகின்றது. பிரதான மேடையிலே இரவின் இறுதி நிகழ்ச்சியை வழங்கும் குழுவின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாவற்றிலும் பெரிதாக அச்சிடப்படும். அதனை 'ஹெட்லைனர்' என்பர். தமிழிலே தலைமைக் கச்சேரி எனலாம். அந்த எழுத்தின் பருமனுக்குப் பின்னே பணம், புகழ், பழக்கம், சமூக அதிகாரம் ஆகிய யாவும் மறைந்து நிற்கின்றன.

திரைப்படத்தின் துணையோ பெரும் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதரவோ இன்றி, கிற்றாரும் டிறம்சும் கொண்டு, தாமே எழுதிய பாடல்களைத் தாமே பாடும் இளைஞர் குழுவொன்று அத்தகைய தலைமை இடத்தைப் பெறல் கூடுமா? 'சுயாதீன றொக் இசைக்குழு' எனப்படும் இத்தகைய குழுக்களைப் பற்றி மேல்நாட்டு இளைஞரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதம் இது. ஊர்காவற்றுறையையும் நெடுந்தீவையும் நயினாதீவையும் நினைந்துகொண்டு இவ்வினாவை எழுப்புவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். குடிநீருக்கும் படகுக்கும் காத்திருக்கும் மக்களுக்கு றொக் இசை ஒரு கேடா என அவர் வினவவுங்கூடும். ஆயினும் வினாவின் மேற்றோலை நீக்கி நோக்குமிடத்து, உள்ளே இருப்பது கிற்றார் பற்றிய பிரச்சினையன்று என்பது புலனாகும். ஓர் ஊர் தன் சொந்தப் பாடலைத் தன் விழாவின் தலைமையிலே வைக்குமா, அல்லது வெளியிலிருந்து விலைகொடுத்து அழைத்த குரலுக்கு முன்னிசையாக மட்டுமே அதனை வைத்திருக்குமா என்பதே இங்கு எழும் உண்மையான வினா.

தீவகத்தின் பெருவிழாக்கள் யாவும் வழிபாட்டோடு பிணைந்தவை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே ஆனி மாதத்தில் நிகழும் மகோற்சவம், காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்தின் மார்கழித் திருவாதிரை, ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்க ஆலயங்களின் பெருநாள்கள், குடிமக்களற்ற கச்சதீவிலே ஆண்டுதோறும் கூடும் அந்தோனியார் திருவிழா என இவை பலவாகும். இவற்றுள் நாகபூஷணி அம்மன் உற்சவம் நுணுகி நோக்கத்தக்கது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறியே பக்தர் அங்கு செல்லல் வேண்டும். வழமையான நாள்களில் மாலையோடு படகுச் சேவை ஓய்ந்துவிடும். எனவே தீவிலே இரவு நிகழ்ச்சி காண விழைபவர் விடியும்வரை அங்கேயே தங்குதல் இயல்பு. விரும்பியபோது எழுந்து வீடு செல்ல இயலாத அவையொன்றின் முன்னே பாடுவது கலைஞனுக்கு வரமுமாகும், சோதனையுமாகும்.

பல நாள் நீளும் கோயில் விழாவின் அமைப்பை இசையின் நோக்கிலே பார்ப்போமாயின் அஃது ஓர் ஏணியாக அமைந்திருந்தமை தெரியவரும். கொடியேற்றத்தை அடுத்த இரவுகள் எளியன. உள்ளூர்ப் பண்ணிசையும் கதாப்பிரசங்கமும் பயில்நிலைக் கலைஞரின் வாசிப்பும் அவற்றுக்குப் போதும். சப்பறம், தேர், தீர்த்தம், பூங்காவனம் என விழா முதிர முதிர உபயகாரரின் செலவும் கலைஞரின் தகுதியும் உயரும். முதல் இரவுகளில் வாசித்த இளைஞன் ஆண்டுகள் சென்றபின் சப்பறத் திருவிழாவுக்கு அழைக்கப்படுவான். இந்த ஏற்றத்தை வழங்கியோர் நடுவர் குழுவினர் அல்லர். மேளச்சமாவின்போது பல கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க, எவருடைய முறையிலே சனம் கலையாது நின்றதோ அவரே அடுத்த ஆண்டு பெரிய எழுத்தைப் பெற்றார். தலைமை என்பது கொடுக்கப்படுவதற்கு முன்பே சம்பாதிக்கப்பட்டிருந்தது.

மேல்நாட்டு அனுபவமும் இதற்கு மாறானதன்று. இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பெரி விழா 1970 செப்ரெம்பரிலே மைக்கல் ஈவிஸ் என்னும் பாற்பண்ணையாளரின் நிலத்தில் ஏறத்தாழ 1,500 பேருடன் ஆரம்பமாயிற்று. நுழைவுக் கட்டணம் ஒரு பவுண். பால் இலவசம். அன்று தலைமைக் கச்சேரிக்கு அறிவிக்கப்பட்ட 'கிங்ஸ்' குழு வராதுபோக, அவ்விடத்தை 'ரைரனோசோரஸ் றெக்ஸ்' நிரப்பியது. இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடும் அவ்விழாவின் முதலாவது தலைமைக் கச்சேரியே ஒரு மாற்றுக் கச்சேரியாக அமைந்தமை மனங்கொளத்தக்கது.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் அதே நிலத்திலே இதே நிகழ்வு வேறொரு வடிவில் மீண்டும் நேர்ந்தது. 1995இல் 'ஸ்ரோன் றோசஸ்' குழுவின் கிற்றார்க் கலைஞர் எலும்பு முறிவுற்றமையால் அக்குழு விலக, 'பல்ப்' என்னும் குழு குறுகிய அவகாசத்தில் அழைக்கப்பட்டது. அக்குழு ஷெஃபீல்ட் என்னும் உருக்குத் தொழில் நகரிலே 1978இல் தோன்றியது. பதினேழு ஆண்டுகள் சிறு மண்டபங்களிற் பாடி, நான்கு இசைத்தொகுப்புகளை வெளியிட்டும் பெரும்புகழ் காணாதிருந்தது. அவ்விரவுக்குச் சில வாரங்கள் முன்னர் வெளியான அவர்தம் பாடலொன்றைப் பெருங்கூட்டம் தானே சேர்ந்து பாடியபோது, மாற்றாக வந்தோரே விழாவின் நாயகராயினர். அதே ஷெஃபீல்டில் 2002இல் உருவான 'ஆர்க்ரிக் மங்கீஸ்' குழு தன் ஆரம்பப் பாடல்களை இசைத்தட்டுகளில் நிரப்பி நிகழ்ச்சிகளுக்கு வந்தோருக்கு இலவசமாகவே வழங்கியது. கேட்டோர் அவற்றைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். 2005இல் றெடிங் விழாவின் சிறிய மேடையொன்றிற் பாடிய அக்குழு, சிறு சுயாதீன நிறுவனம் ஒன்றின் வெளியீடுகளுடன், 2007இல் கிளாஸ்ரன்பெரியின் தலைமைக் கச்சேரியை வழங்கியது.

ஒரு குழுவுக்குப் பதினேழு ஆண்டுகள், மற்றதற்கு ஐந்து ஆண்டுகள். காலம் வேறாயினும் காரணம் ஒன்றே. கூட்டம் தலைமை மேடையின் முன்னே வந்து சேர்வதற்கு முன்னரே அப்பாடல்கள் அக்கூட்டத்தின் வாயிலே இருந்தன. அவற்றை வாய்க்குக் கொண்டுசேர்க்கச் சிறு மண்டபங்களும் சிறு மேடைகளும் இருந்தன. ஆகவே 'சுயாதீனக் குழு தலைமை தாங்க முடியுமா' என்னும் வினாவுக்கு மேல்நாட்டு வரலாறு 'முடியும்' என்றே விடை பகர்கின்றது. ஆனால் அவ்விடையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்துள்ளது. ஏணியின் கீழ்ப்படிகள் இருத்தல் வேண்டும்.

இவ்வாறு ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும் ஏற்றம் மேல்நாட்டுக்கே உரித்தான ஒன்று என எண்ணுதல் தவறு. நாதஸ்வரக் கச்சேரியிலே தவில் பக்கவாத்தியமாகும். முதன்மை குழலுக்கே உரியது. ஆயின் அளவெட்டியிலே வாழ்ந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த இரவுகளிலே அவ்வொழுங்கு தலைகீழாயிற்று. தவிலைக் கேட்கவே சனம் கூடியது. ஈழத்திலே மாத்திரமன்றித் தமிழகத்து மேடைகளிலும் அவருடைய கைகள் தனியிடம் பெற்றன. பக்கத்தில் இருந்த வாத்தியம் நடுவுக்கு வந்ததற்கு எந்தச் சபையின் தீர்மானமும் காரணமன்று. கேட்டவர் காதே காரணம்.

சபைகளின் தீர்மானம் வேண்டப்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தமிழகத்துக் கருநாடக இசைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியிலே 'துக்கடா'வாகப் பாடப்பட்டன. பிரதான உருப்படியாகும் தகுதி அவற்றுக்கில்லை என வாதித்தோர் பலர். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழிசைச் சங்கமும் அந்நிலையை எதிர்த்தெழுந்தன. அங்கு முன்வைக்கப்பட்ட கோரிக்கை தமிழிற் பாட இடம் வேண்டும் என்பது மட்டுமன்று. அவ்விடம் கச்சேரியின் எப்பகுதியில் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது. துக்கடாவாக இருப்பதற்கும் பிரதான உருப்படியாக இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அன்றைய தமிழர் நன்குணர்ந்திருந்தனர் எனலாம்.

ஈழத்துப் பல்கலைக்கழகமும் இவ்வகையில் ஒரு முன்னுதாரணத்தை வழங்கியுள்ளது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கிராமத்துக் களரிக்குரியது எனக் கற்றோர் ஒதுக்கிய கலை, அதன் பயனாகக் கற்றோர் அவையின் பிரதான நிகழ்ச்சியாயிற்று. 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் கத்தோலிக்கக் கூத்து மரபைப் புதிய அரங்குகளுக்கு இட்டுச்சென்றது. ஊர்காவற்றுறைப் பகுதியிலும் மெலிஞ்சிமுனை முதலான ஊர்களிலே தென்மோடிக் கூத்து வேரூன்றி வாழ்ந்தது. விடிய விடிய ஆடப்படும் இத்தகைய கூத்துகளிலே ஒரே பாத்திரத்தை முதலாமவர், இரண்டாமவர் எனப் பலர் பகிர்ந்து ஆடுவது வழக்கம். முடி ஒன்றாயினும் அதனை அணியும் தலைகள் பல. தலைமை இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் பண்பு இம்மண்ணுக்குப் புதியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கிற்றாரும் புதியதன்று. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்திலே 'பொப்பிசை' என்னும் பெயரில் ஓர் இசை இயக்கம் செழித்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' ஆகியவை வானொலி வழியாகக் கடல் கடந்தும் சென்றன. பேச்சுத் தமிழும் பைலாத் தாளமும் உள்ளூர் நையாண்டியும் கலந்த அப்பாடல்கள் திரைப்படத்துக்காக எழுந்தவையல்ல. ஈழத்தமிழர் தமக்கெனச் சொந்தமான மெல்லிசையை ஆக்கவல்லவர் என்பதை அவை நிறுவின. எனினும் அவ்வியக்கம் ஒரு தலைமுறையைத் தாண்டி நிலைக்கவில்லை. முன்னவர் அவுஸ்திரேலியாவுக்கும் பின்னவர் சென்னைக்கும் குடிபெயர்ந்தனர். நாட்டிலே போர் மூண்டது. கோயில் வீதிகளில் இசைக்கோஷ்டிகள் தொடர்ந்து பாடின. ஆயினும் அவை பாடியவற்றுட் பெரும்பாலானவை திரைப்பாடல்களே. குரல் உள்ளூருக்குரியதாகவும் பாடல் சென்னைக்குரியதாகவும் ஆயின. பிறர் பாடலை எவ்வளவு திறம்படப் பாடினாலும், மூலக் குரல் நேரில் வந்த அன்று பிரதியின் இடம் மேடையின் ஓரமே.

மூலக்குரல் இன்று நேரில் வருகின்றது. 2023 ஒக்ரோபரிலே யாழ்ப்பாணம் முற்றவெளியில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் நிகழ்ச்சி நடைபெற்றது. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி அதே வெளியில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குத் திரண்ட கூட்டம் தடுப்புகளைத் தாண்டிச் செல்ல, நிகழ்ச்சி இடையிலே தடைப்பட்டது. இந்நிகழ்வைக் கொண்டு இளைஞரின் ஒழுக்கத்தைப் பழித்தோர் பலர். அதனினும் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நெடுங்காலம் பெருங்கூட்டமாகக் கூடிப் பாட்டுக் கேட்கும் வாய்ப்பற்றிருந்த ஒரு சமூகத்தின் பசி அங்கே வெளிப்பட்டது. பசி இருக்கின்றது. ஆகவே கேட்போர் இல்லை என்ற வாதம் செல்லாது. அப்பசிக்கு உள்ளூரிலே எவர் சமைக்கின்றார் என்பதே கேள்வி.

தீவகத்திலே இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகின்றது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு அத்தீவுகளை ஏறத்தாழ வெறுமையாக்கியது. திரும்பியோர் சிலர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வேரூன்றியோர் பலர். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு என ஊரின் பெயரைத் தாங்கிய சங்கங்கள் அந்நாடுகளில் இயங்குகின்றன. கோயில்களின் திருப்பணிக்கும் திருவிழா உபயங்களுக்கும் பணம் அங்கிருந்தே பெருமளவு வருகின்றது. அப்பணத்தின் பின்னே மெய்யான பாசம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஆண்டில் இரண்டு வாரம் ஊருக்கு வருபவர், தம் உபயத்தன்று ஊர் வியக்கவேண்டும் என விரும்புவது இயற்கை. வியப்புக்கு எளிய வழி பெயர்பெற்ற குரலை வரவழைப்பது. செலவு முழுவதும் ஓர் இரவிலே குவிய, ஏனைய இரவுகள் ஒளியிழக்கின்றன. ஏணியின் உச்சிப்படி பொன்னாகின்றது. கீழ்ப்படிகள் உளுத்துப்போகின்றன. ஊரிலேயே வாழும் இளைஞனுக்கு அவ்விழாவிற் கிடைக்கும் பணி கதிரை அடுக்குவதும், லைற் எஞ்சினைப் படகிலிருந்து இறக்குவதுமாகச் சுருங்கிவிடுகின்றது.

இங்கே மூன்று தடைகள் எடுத்துரைக்கப்படலாம். முதலாவது, வசதியின்மை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையோடு இணையாது நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பிவந்த தீவுகள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். ஒலிபெருக்கியும் டிறம்சும் அலையிலே நனையாது சென்று சேரவேண்டும். இது மெய்யான இடர்தான். எனினும் வெளியூர் நட்சத்திரத்தின் பெரும் பரிவாரத்தைக் கடல் கடத்தும் ஊருக்கு, நால்வர் கொண்ட குழுவின் இரண்டு பெட்டிகளைக் கடத்துவது இயலாததன்று.

இரண்டாவது தடை புனிதம் பற்றியது. கோயில் விழாவிலே றொக் இசை தகுமா என்பர். சுவாமியின் வீதியுலாவோடு செல்லும் மேளத்தின் இடத்தை எவரும் கேட்கவில்லை. அது வழிபாட்டின் அங்கம். வழிபாடு முடிந்தபின் வெளிவீதி மேடையில் நிகழ்பவை பற்றியதே இவ்வாதம். அம்மேடையின் வரலாறோ ஓயாத மாற்றத்தின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் கோயில்களிலே பொதுமகளிர் ஆடலைக் கடுமையாகக் கண்டித்தார். சின்னமேளம் என வழங்கிய அவ்வாடல் பிற்காலத்தில் மறைய, கதாப்பிரசங்கமும் வில்லுப்பாட்டும் இசைக்கோஷ்டியும் அவ்விடத்தை நிரப்பின. காதற் திரைப்பாடல்களை நள்ளிரவிலே பொறுத்துக்கொண்ட வீதி, ஊர்ப்பிள்ளை எழுதிய பாடலுக்கு மட்டும் புனிதம் பேசுமாயின் அது நேர்மையாகாது. அன்றியும், ஊரின் பெருவிழா கோயில் வீதியிலேதான் நிகழவேண்டும் என்ற நியதியுமில்லை. பாடசாலை மைதானங்களும் சனசமூக நிலைய முன்றில்களும் தீவுதோறும் உள்ளன.

மூன்றாவது தடை வெளிப்படையாகப் பேசப்படாதது. மேளத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட அதே சமூகம், அதனை வாசித்தோரைச் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தியும் வைத்தது. தலைமை இடம் தரப்பட்டபோதும் சமத்துவம் தரப்படவில்லை. ஆகவே, 'தலைமைக் கச்சேரி யாருக்கு' என்ற வினாவினுள் 'மேடை யாருடையது' என்ற வினாவும் அடங்கியுள்ளது. சென்னையிலே இவ்வினாவுக்கு அண்மைக்காலத்தில் ஒரு விடை பிறந்தது. திரைப்பட நெறியாளர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு 2018 ஜனவரியிலே முதன்முதல் மேடையேறியது. கானா, பறை, றொக், றாப் ஆகியவற்றை ஒருங்கிணைத்து அம்பேத்கரையும் சாதியத்தையும் பற்றிப் பாடிய அக்குழுவினர் மார்கழிச் சபாக்களின் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. பின்னர் 2020 டிசெம்பரிலே அதே சூழலிலிருந்து 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழா தோன்றியது. அங்கே பறையும் கானாவும் ஒப்பாரியும் தலைமை நிகழ்ச்சிகளாயின. பிறர் மேடையில் ஏற இயலாதபோது தம் மேடையை எழுப்புவதும் தலைமைக்கு ஒரு வழி என்பதை இது உணர்த்துகின்றது.

ஆயினும் மேடை கிடைத்துவிட்டாற் போதுமா? ஓர் இரவு முழுவதையும் தாங்குவதற்குப் பாடல்கள் வேண்டும். இரண்டு நல்ல பாடல்களைக் கொண்ட குழு தொடக்க நிகழ்ச்சிக்கு ஏற்றது. தலைமை தாங்குவதற்கு இருபது பாடல்களேனும் வேண்டும். அவற்றுட் பத்தையாவது கூட்டம் சேர்ந்து பாடவேண்டும். இங்கே தீவகத்து இளைஞனுக்கு வேறெவருக்கும் வாய்க்காத செல்வம் ஒன்றுண்டு. வேறெவராலும் எழுத முடியாத பாடல்கள் அவனிடம் உள்ளன. கடைசிப் படகைத் தவறவிட்டவனின் இரவு, நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளும் கட்டாக்காலிக் குதிரைகளும், பூட்டிய வீட்டின் முற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் அயலவரின் முதுமை, வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்கு ஊர் காத்திருக்கும் மாலை – இவை எந்தத் திரைப்படத்துக்கும் தேவைப்படாதவை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகிலே கொல்லப்பட்டோரை ஆண்டுதோறும் விளக்கேற்றி நினைவுகூரும் ஊர் அது. அந்நினைவை விலைபேசி வந்த குரல் பாடாது. அதைப் பாடவேண்டிய தேவையும் அக்குரலுக்கில்லை. ஒரு சமூகம் தன் துயரையும் நகைப்பையும் தன் வாயாற் பாடாதுவிடின், சில தலைமுறைகளின் பின்னர் அவை நிகழ்ந்தன என்பதே எவருக்கும் தெரியாது போய்விடும். இவ்வகையில் நோக்கின், இங்கு பேசப்படுவது பொழுதுபோக்கு மட்டுமன்று.

எனவே செய்யத்தக்கது யாது? நட்சத்திரங்களை ஊருக்குள் வரவிடாது தடுத்தல் விடையாகாது. அது கலையை வளர்க்காது, பகையையே வளர்க்கும். உளுத்த கீழ்ப்படிகளைச் செப்பனிடுதலே விடையாகும். விழாவின் தொடக்க இரவுகளுள் ஒன்றையேனும் சொந்தப் பாடலுக்கென ஒதுக்குதல், அன்று பிறர் பாடல் பாடலாகாது என வரையறுத்தல், அக்குழுவுக்கு நியாயமான ஊதியம் வழங்குதல், அடுத்த ஆண்டும் அழைத்தல் ஆகியன உபயகாரருக்குப் பெருஞ்செலவை ஏற்படுத்தா. 2011 மார்ச்சிலே யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற இசைவிழாவிலே நாட்டின் பல பாகங்களின் கிராமியக் கலைக்குழுக்கள் வெளிநாட்டுக் குழுக்களோடு சமமேடையில் நின்றமை இத்தகைய ஒழுங்கு இயலக்கூடியதே என்பதைக் காட்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதிலே பங்குண்டு. கலைவிழாக்களின் இறுதி நிகழ்ச்சியாகத் திரைப்பாடல் இசைக்குழுவை ஒழுங்கு செய்யும் வழக்கத்தை ஒரு முறையேனும் மாற்றி, மாணவரின் சொந்தப் பாடல்களை அவ்விடத்தில் வைத்துப் பார்க்கலாம். வித்தியானந்தன் கூத்துக்குச் செய்ததை இக்காலத்து மாணவர் பாடலுக்குச் செய்வது மரபை மீறுவதாகாது. மரபைத் தொடர்வதாகும்.

முதலாம் ஆண்டு அக்குழுவைக் கேட்க ஐம்பது பேரே இருக்கக்கூடும். அவர்களுட் பாதிப்பேர் குழுவினரின் உறவினராயிருப்பர். கிற்றார் சுருதி பிசகும். முன்வரிசையிலுள்ள மூதாட்டி ஒருவர், 'உவங்கள் என்ன கத்துறாங்கள்?' எனக் கேட்டுவிட்டு உறங்கிவிடவுங்கூடும். ஐந்தாம் ஆண்டிலே அம்மூதாட்டியின் பேரன் அப்பாடல்களுள் ஒன்றை மீன்வலை திருத்தும்போது முணுமுணுப்பான். பத்தாம் ஆண்டிலே, ரொறன்ரோவிலிருந்து வரும் உபயகாரர் ஒருவர், தம் பிள்ளைகள் அப்பாடலைக் கைத்தொலைபேசியிற் கேட்டிருக்கின்றனர் என்பதை அறிந்து, தமது இரவுக்கு அக்குழுவையே கேட்பார். அன்று அக்குழு தலைமை தாங்குமா என்ற வினாவை எவரும் எழுப்பப்போவதில்லை. தீவகத்து றொக் குழுவொன்று பெருவிழாவின் தலைமைக் கச்சேரியை வழங்கல் கூடும். அதனைத் தீர்மானிப்பது அக்குழுவின் திறமை மட்டுமன்று. அந்த முதலாம் ஆண்டின் ஐம்பது பேரும் இரண்டாம் ஆண்டிலும் வந்து அமர்வரா என்பதுமாகும்.